டாக் நொதியமா, பிஎஃப்யூ நொதியமா? நுண்ணங்கி டிஎன்ஏயைப் பெருக்கும் நொதியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வந்தாறுமூலை, சம்மாந்துறை, மட்டக்களப்பு நகரம் என்று நம் பக்கத்து ஆய்வுகூடங்களில் இறுதியாண்டுச் செயற்றிட்டம் தொடங்கினால் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். சட்டித் தயிரிலிருந்து பற்றீரியா பிரித்தவர், அம்பாறை வயலில் மண் எடுத்தவர், வாவிச் சேறு அள்ளி வந்தவர் எல்லாருக்கும் பிசிஆர் (சூடாக்கியும் குளிர்வித்தும் சுற்றுச் சுற்றாக டிஎன்ஏயின் ஒரு பகுதியைப் பெருக்கும் முறை) செய்ய வேண்டும். எந்த நொதியம் வாங்குவது என்பதில்தான் குழப்பம். கையில் இருக்கும் பணம் ஒரு பெட்டி வாங்கவே போதும் என்பதால் அந்தக் குழப்பம் நியாயமானது. கேட்கப்பட்டவற்றையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை வாங்குவது?

தூய வளர்ப்பிலிருந்து 16எஸ் மரபணுவை (எல்லாப் பற்றீரியாவிலும் இருப்பது, இனத்தை அறிய உதவுவது) பெருக்கி சாங்கர் (Sanger) முறையில் வரிசை பார்ப்பதுதான் வேலை என்றால், ஹாட் ஸ்டார்ட் டாக், அதாவது சூடேறும்வரை பூட்டி வைத்த டாக் நொதியம். குளோனிங் (டிஎன்ஏ துண்டைப் பற்றீரியாவுக்குள் வைத்து வளர்ப்பது) என்றாலோ, கலப்பு மாதிரியை அடுத்த தலைமுறை வரிசைப்படுத்தலுக்கு அனுப்புவதென்றாலோ, பிழை திருத்தும் நொதியம். மண்ணிலிருந்து நேரடியாக எடுத்த டிஎன்ஏ என்றால் நொதியத்தைத் தேடுமுன் டிஎன்ஏயைச் சுத்தம் செய்யுங்கள்.

டாக் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றுகளில் வாழும் தேர்மஸ் அக்குவாட்டிகஸ் என்ற பற்றீரியாவிலிருந்து. தோமஸ் புறொக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் 1969 இல் அதை விவரித்தார்கள். அதன் பொலிமரேஸ் 1976 இல் பிரித்தெடுக்கப்பட்டது. கேரி முல்லிஸ் 1983 இல் பிசிஆரை யோசித்தபோது பயன்பாட்டில் இருந்தது ஈகோலை என்ற குடல் பற்றீரியாவின் நொதியம். 95 பாகையில் அது செத்துவிடும், அதனால் ஒவ்வொரு சுற்றிலும் டியூபைத் திறந்து புதிதாக நொதியம் விடவேண்டியிருந்தது. டாக் 95 பாகையில் முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில்தான் பாதிச் செயற்பாட்டை இழக்கும். 1988 இல் டாக்கைக் கொண்டு பிசிஆர் செய்து காட்டிய பிறகுதான் டியூபை மூடி இயந்திரத்தில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போக முடிந்தது.

அப்படியானால் மற்ற நொதியங்கள் எதற்கு?

டாக்குக்குத் தான் எழுதியதைத் திரும்பிப் பார்க்கத் தெரியாது. இழை நீளும் 3' முனையில் தவறான எழுத்து (டிஎன்ஏயின் ஓர் அலகு) ஒன்று சேர்ந்துவிட்டால் அதை வெட்டி எறியும் பகுதி அதனிடம் வேலை செய்வதில்லை. பிஎஃப்யூவிடம் அது இருக்கிறது. இத்தாலியின் வல்கானோ தீவுக் கடற்கரையில் கிடைத்து 1986 இல் விவரிக்கப்பட்ட பைரோகொக்கஸ் ஃபியூரியோசஸ் என்ற ஆர்க்கியாதான் (பற்றீரியா அல்லாத இன்னொரு நுண்ணங்கிக் கூட்டம்) பிஎஃப்யூவின் மூலம். பிழை குறைவு, ஆனால் நடை மந்தம். டாக் ஆயிரம் எழுத்தை ஒரு நிமிடத்தில் முடிக்கும் இடத்தில் பிஎஃப்யூவுக்கு இரண்டு நிமிடம் கொடுக்கவேண்டும். யப்பானின் கொடகாரா தீவில் கிடைத்த ஆர்க்கியாவின் கேஓடி நொதியத்தில் வேகமும் திருத்தமும் சேர்ந்திருக்கின்றன. ஃபியூஷன் போன்றவற்றில் இத்தகைய நொதியத்தோடு டிஎன்ஏயைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதத் துண்டையும் இணைத்திருக்கிறார்கள். அதனால் அது டிஎன்ஏயை விட்டு எளிதில் கழலாது, ஆயிரம் எழுத்துக்கு 15 முதல் 30 செக்கன் போதும். கியூ5 உம் இதே வகைதான்.

"50 மடங்கு", "280 மடங்கு துல்லியம்" என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். என் வேலையில் அது எவ்வளவு?

விளம்பரத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு கணக்குப் போடுங்கள். 16எஸ் மரபணு ஏறத்தாழ 1500 எழுத்து. 30 சுற்று ஓட்டினாலும் உண்மையான இரட்டிப்பு அவ்வளவு நடக்காது, 20 என்று வைப்போம். ஆக, கடைசியில் கிடைக்கும் ஒரு மூலக்கூறின் வரலாற்றில் 30,000 எழுத்து படியெடுக்கப்பட்டிருக்கிறது.

டாக்கின் பிழை வீதம் அளக்கும் முறையைப் பொறுத்து மாறும். 50,000 எழுத்துக்கு ஒன்று என்று எடுத்தால் மூலக்கூறு ஒன்றுக்குச் சராசரி 0.6 பிழை, நூற்றுக்கு 55 மூலக்கூறுகள் பிழையே இல்லாதவை. 10,000 க்கு ஒன்று என்று மோசமாக எடுத்தால் சராசரி 3 பிழை. பிஎஃப்யூவின் பிழை கிட்டத்தட்ட 770,000 க்கு ஒன்று. அதே கணக்கில் 0.04 தான் வரும், நூற்றில் 96 பிழையற்றவை.

பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆனால் சாங்கர் வரிசைப்படுத்தல் ஒரு மூலக்கூறைத் தனியாக வாசிப்பதில்லை, டியூபில் இருக்கும் கோடிக்கணக்கான பிரதிகளை ஒன்றாகவே வாசிக்கிறது. ஒவ்வொரு பிரதியிலும் பிழை வேறு வேறு இடத்தில் இருப்பதால் சரியான எழுத்தின் உச்சிதான் திரையில் தெரியும். ஒரு நனோகிராம் பற்றீரியா டிஎன்ஏயில் சுமார் 2 இலட்சம் மரபணுத்தொகுதிப் பிரதிகள் இருக்கும். அத்தனையிலிருந்து தொடங்கும்போது முதல் சுற்றிலேயே ஒன்றில் பிழை விழுந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. மேலும், ஒரே இனமா என்று பார்க்க 16எஸ் இல் பலரும் வைக்கும் கோடு 98.7 சதவீதம், அதாவது 1500 எழுத்தில் 20 வித்தியாசம். தயிரில் கிடைத்தது எந்த லக்டோபசிலஸ் என்று அறிய டாக்கின் அரைப் பிழை குறுக்கே நிற்காது. இந்த வேலைக்கு விலை கூடிய நொதியம் வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. அந்தக் காசில் மாதிரிகளை இரண்டு பக்கத்திலிருந்தும் வரிசைப்படுத்த அனுப்பலாம்.

ஒன்று சொல்ல வேண்டும்: வரிசையில் சில இடங்களில் இரட்டை உச்சி தெரிந்தால் உடனே நொதியத்தைத் திட்டாதீர்கள். பல பற்றீரியாக்களில் 16எஸ் மரபணு ஒன்றுக்கு மேல் இருக்கும், ஈகோலையில் 7. அவற்றுக்குள்ளேயே சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. நிறைய இடங்களில் இரட்டை உச்சி என்றால் உங்கள் வளர்ப்பு தூயதல்ல.

அப்படியென்றால் திருத்தும் நொதியம் எங்கே கட்டாயம்?

ஒரு மூலக்கூறைத் தனியாகத் தெரிவு செய்யும் எல்லா இடத்திலும். குளோனிங்கில் நீங்கள் பொறுக்கும் ஒரு கொலனி ஒரு மூலக்கூறின் வாரிசு, அதில் இருக்கும் பிழை அப்படியே தங்கிவிடும். அடுத்த தலைமுறை வரிசைப்படுத்தலிலும் ஒவ்வொரு வாசிப்பும் ஒரு மூலக்கூறு. அங்கே பிழை ஒவ்வொன்றும் இல்லாத ஒரு புதிய நுண்ணங்கியாகக் கணக்கில் ஏறும். மருந்தெதிர்ப்பு மரபணுவில் ஒற்றை எழுத்து மாற்றத்தைத் தேடுபவர்களும் டாக்கை நம்பிக் குளோன் செய்யவேண்டாம்.

கலப்பு மாதிரியில் இன்னொரு தொல்லை, இரண்டு இனங்களின் துண்டுகள் ஒட்டிக்கொண்ட கலப்புருக்கள். நீட்டி முடிக்காத துண்டு அடுத்த சுற்றில் வேறொரு இனத்தின் இழையில் பிரைமராக (படியெடுத்தலைத் தொடக்கும் சிறு டிஎன்ஏ துண்டாக) உட்கார்ந்துவிடுகிறது. இதற்கு விரைவாக நீட்டும் நொதியம் உதவும், ஆனால் சுற்றுகளை 25 அளவில் நிறுத்துவது அதைவிட உதவும், அதற்குக் காசும் தேவையில்லை.

"சேர், டிஎன்ஏ விடாத டியூபிலும் பட்டை வருதே?"

இந்தக் கேள்விதான் அதிகம் வருவது. டிஎன்ஏ துண்டுகளை நீளத்தின்படி பிரித்துப் பட்டையாகக் காட்டும் ஜெல்லைப் படமெடுத்துப் பார்த்தால் கடைசி வரிசையில், மாதிரிகளின் நேர்கோட்டிலேயே, 1500 அளவில் மங்கலாக ஒரு பட்டை. தண்ணீர் மாற்றியாயிற்று, பிப்பெட் துடைத்தாயிற்று, பட்டை மட்டும் போகவில்லை.

சந்தேகப்படவேண்டிய ஆள் நொதியமே. இன்று விற்கும் டாக் வெந்நீரூற்றில் அள்ளியதல்ல, அதன் மரபணுவை ஈகோலைக்குள் வைத்து உற்பத்தி செய்கிறார்கள். சுத்திகரித்த பிறகும் ஈகோலையின் டிஎன்ஏ கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். மனித மரபணுவைப் பெருக்குபவருக்கு அது தெரியவே தெரியாது. எல்லாப் பற்றீரியாவையும் பிடிக்கும் 27எஃப், 1492ஆர் போன்ற பொதுப் பிரைமர்களோடு 35 சுற்று ஓட்டுபவருக்குத்தான் அது வெளியே வரும். நுண்ணங்கி வேலைக்கு நொதியம் ஒப்பிடும்போது துல்லியத்துக்கு முன் இதைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கண்டுபிடிக்கும் வழி: ஒரு முறைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். நொதியத்தை மட்டும் மாற்றிப் பட்டை போனால் கள்வன் அகப்பட்டான். தண்ணீரை மாற்றிப் போனால் தண்ணீர். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிப் புதிதாக எடுத்தால் பட்டை போகலாம், காரணம் தெரியாது. அந்த மங்கல் பட்டையையே வரிசைப்படுத்திப் பார்க்கலாம். ஈகோலை என்று வந்தால் நொதியத்தின் மீது சந்தேகம் வலுக்கும். நீரில் வாழும் பற்றீரியா என்று வந்தால் தண்ணீரையும் பிரித்தெடுக்கும் கிட்டையும் பாருங்கள்.

தீர்வு: சுற்றுகளை 30 க்குள் வையுங்கள், மூல டிஎன்ஏயைப் போதியளவு விடுங்கள். கொலனியிலிருந்து எடுத்த டிஎன்ஏ நிறைய இருக்கும்போது இந்தச் சின்ன அழுக்கு போட்டியில் தோற்றுவிடும். வாவித் தண்ணீர் வடித்து எடுத்தது போல டிஎன்ஏ அரிதான மாதிரி என்றால், பற்றீரியா டிஎன்ஏ நீக்கியது என்று சொல்லி விற்கும் தரத்தையே வாங்கவேண்டும். இனத்துக்குரிய தனிப் பிரைமர் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. எப்படியோ, வெற்று டியூபின் படத்தை அறிக்கையில் வெட்டிவிடாதீர்கள், பரிசோதகர் முதலில் தேடுவது அதைத்தான்.

ஹாட் ஸ்டார்ட் என்பது விற்பனைத் தந்திரமா?

இல்லை. டாக் அறை வெப்பநிலையிலும் கொஞ்சம் வேலை செய்யும். நம் ஊர் அறை வெப்பநிலை 30 பாகை, குளிரூட்டி நின்றால் அதற்கும் மேல். கலவை மேசையில் இருக்கும் நேரத்தில் பிரைமர்கள் கண்ட இடத்தில் ஒட்ட, டாக் அவற்றை நீட்டிவிடும். ஹாட் ஸ்டார்ட்டில் ஒரு எதிருடலோ இரசாயனப் பூட்டோ நொதியத்தைச் சூடேறும்வரை பிடித்து வைத்திருக்கும். எதிருடல் வகை ஓரிரு நிமிடத்தில் திறக்கும். இரசாயனப் பூட்டு சிலவற்றுக்கு 95 பாகையில் 10 நிமிடம் வேண்டும். அதைக் கொடுக்காமல் "நொதியம் பழுது" என்று சொல்பவர்கள் உண்டு.

வயல் மண், வாவிச் சேறு: பட்டையே வரவில்லை. வேறு நொதியம் வாங்கட்டுமா?

முதலில் டிஎன்ஏ டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிளேன்டீ நிறத்தில் இருந்தால் அது ஹியூமிக் அமிலம். மண்ணிலும் சேற்றிலும் இலைதழை உக்கி உண்டாவது, பொலிமரேஸைத் தடுக்கும். கண்டல் வேரடிச் சேற்றில் தனின்களும் சேரும். நிறம் தெரியாத அளவிலும் தடுப்பு நடக்கலாம். அப்போது உறிஞ்சல் அளவீட்டில் 260/230 விகிதம் (260, 230 நனோமீற்றர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) தாழ்ந்து காட்டும்.

தடுப்பா, டிஎன்ஏயே இல்லையா என்று பிரித்தறிய எளிய பரிசோதனை ஒன்று. எப்போதும் நன்றாக வரும் ஒரு தயிர் பற்றீரியா டிஎன்ஏயை எடுத்து, ஒரு டியூபில் தனியாகவும், இன்னொன்றில் உங்கள் மண் டிஎன்ஏ ஒரு மைக்ரோலீற்றரோடு சேர்த்தும் ஓட்டுங்கள். தனியாக வந்து, சேர்த்ததில் வராவிட்டால் தடுப்புத்தான். அதற்கு முதல் மருந்து தண்ணீர். மூல டிஎன்ஏயைப் பத்து மடங்கு, ஐம்பது மடங்கு ஐதாக்கி விடுங்கள். செறிவில் வராதது ஐதாக்கியதும் பளிச்சென்று வருவதைப் பார்த்து ஆச்சரியப்படாத மாணவர் இல்லை. அடுத்தது மாட்டு சீரம் அல்புமின், தடுப்பான்களைத் தன்மேல் பிடித்துக்கொள்ளும். இவை இரண்டும் பலிக்காவிட்டால்தான் தடுப்பைத் தாங்கும் நொதியத்துக்குப் போகவேண்டும். டாக் இந்த வரிசையில் பலவீனமானது, தேர்மஸ் தேர்மோஃபிலஸின் டிடிஎச் நொதியமும் மாற்றியமைத்த டாக் வகைகளும் அதைவிட அதிகம் தாங்கும்.

இரத்தத்துக்கும் இதே கதை. எலிக்காய்ச்சல் மாதிரியில் லெப்டோஸ்பைரா தேடுபவர்கள் கவனிக்கவேண்டும்: கலவையில் ஒரு சதவீதத்துக்கும் குறைந்த இரத்தமே சாதாரண டாக்கை நிறுத்திவிடும். ஹெப்பரின் டியூபில் எடுத்த இரத்தம் இன்னும் மோசம்.

ஜிசி கூடிய பற்றீரியாவுக்கு எது?

ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண் பற்றீரியாக்களின் டிஎன்ஏயில் குவனினும் சைற்றோசினும் 70 சதவீதத்தைத் தாண்டும். இழைகள் இறுகப் பிடித்திருப்பதால் 95 பாகையில் முழுதாகப் பிரியாது. 98 பாகை தாங்கும் ஆர்க்கியா வகை நொதியம், அதோடு வரும் ஜிசி பஃபர், 3 முதல் 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ அல்லது ஒரு மோலர் அளவில் பீட்டெயின் (இரண்டும் இழைகள் பிரிய உதவும் சேர்மானங்கள்) இவற்றால் பெரும்பாலும் வழி பிறக்கும். டிஎம்எஸ்ஓவை அளவுக்கு மீறி விட்டால் டாக்கின் கையும் கட்டப்படும். ஆனால் 16எஸ் மரபணு இந்த இனங்களிலும் 60 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். அதற்காக மட்டும் ஜிசி பஃபர் வாங்கவேண்டாம், புரத மரபணுக்களுக்குத்தான் அது தேவை.

மெலியோய்டோசிஸ் நோயைத் தரும் பேர்க்கோல்டேரியா சூடோமல்லேயும் வயல் மண்ணில் வாழ்வது, 68 சதவீதம் ஜிசி. இலங்கையில் அந்த நோய் பதிவாகியிருக்கிறது. அப்படிச் சந்தேகம் வரும் கொலனியைச் சாதாரண மேசையில் வைத்துத் திறக்கக் கூடாது. பிசிஆர் பற்றி அதற்குப் பிறகு பேசலாம், முதலில் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

டாக் நிரலிலேயே ஃபியூஷனை ஓட்டினேன், ஒன்றும் வரவில்லை.

வராது. பிரைமர் ஒட்டும் வெப்பநிலையை டாக்குக்கு உருகுநிலையிலிருந்து 5 பாகை குறைத்து வைப்போம். ஃபியூஷனில், 20 எழுத்துக்கு மேற்பட்ட பிரைமருக்கு, இரண்டு பிரைமரில் தாழ்ந்ததன் உருகுநிலைக்கும் 3 பாகை மேலே வைக்கச் சொல்கிறார்கள். உருக்குவது 98 பாகையில், சில செக்கன் மட்டும். நீட்டலுக்கு ஒன்றரை நிமிடம் கொடுத்த பழக்கத்தைக் கைவிட்டு அரை நிமிடத்துக்கு வாருங்கள். இந்த வகை நொதியங்கள் எழுத்துச் சேர்க்க வேலை இல்லாதபோது பிரைமரின் 3' முனையையே கொறிக்கும், ஆகவே கலவையை ஐஸில் வைத்து நொதியத்தைக் கடைசியில் விடவேண்டும். யூராசில் கொண்ட கலவையோ, இனோசின் உள்ள பிரைமரோ பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு கண்ணி. ஆர்க்கியா நொதியங்கள் அவற்றைக் கண்டால் நின்றுவிடும், அதற்கென மாற்றிய வகைகளைத்தான் தேடவேண்டும்.

டிஏ குளோனிங் கிட்டில் ஏன் ஒட்டவில்லை?

டாக் ஒவ்வொரு பிரதியின் முனையிலும் ஓர் அடினினை மேலதிகமாக விடும், கிட் அதை நம்பியே இருக்கிறது. திருத்தும் நொதியங்கள் முனையை மட்டமாக விட்டுவிடும். விளைவைச் சுத்தம் செய்து, டாக்கும் டிஏடிபியும் (அடினின் எழுத்தின் மூலப்பொருள்) விட்டு 72 பாகையில் கொஞ்ச நேரம் வைத்தால் சரியாகிவிடும். சுத்தம் செய்யாமல் விட்டால் பழைய நொதியம் புதிய அடினினைக் கொறித்துவிடும்.

டாக்மேன் புரோப் வைத்த ரியல் டைமுக்கு பிஎஃப்யூ போடலாமா?

முடியாது. டிஎன்ஏ பெருகும்போதே அளக்கும் இந்தப் பிசிஆரில், புரோப் என்ற சிறு டிஎன்ஏ துண்டை வெட்டி ஒளிரச் செய்வது டாக்கின் 5' பக்கக் கத்தரி, பிஎஃப்யூவிடம் அது இல்லை.

ஃபை29, பிஎஸ்டி என்பவை?

இவற்றுக்குச் சுற்றே வேண்டாம், ஒரே வெப்பநிலை போதும். ஃபை29 ஒரு பற்றீரியா வைரசின் நொதியம். 30 பாகையில் பல்லாயிரம் எழுத்து நீளத்துக்கு விடாமல் படியெடுக்கும். மிகக் குறைந்த டிஎன்ஏயிலிருந்து முழு மரபணுத்தொகுதியையும் பெருக்க நல்லது, ஆனால் அழுக்கு டிஎன்ஏயையும் அதே உற்சாகத்தோடு பெருக்கும், எல்லாப் பகுதியும் சமமாகவும் வராது.

பிஎஸ்டி 60 முதல் 65 பாகையில் வேலை செய்வது. 2000 இல் வெளிவந்த லாம்ப் முறை இதை வைத்துத்தான். நான்கு முதல் ஆறு பிரைமர், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு மணித்தியாலம் போதும். டியூப் கலங்கினால் நேர்மறை. தடுப்பான்களையும் டாக்கைவிடத் தாங்கும். வெப்பச்சுழலி இல்லாத கிராமிய வைத்தியசாலைக்கோ இறால் பண்ணைக்கோ இது பொருந்தும். முடிந்த டியூபை மட்டும் ஆய்வுகூடத்துக்குள் திறந்துவிடாதீர்கள். அதிலிருந்து பறக்கும் துளி ஒன்று போதும், அடுத்த மாதம் முழுக்க எல்லா வெற்று டியூபும் நேர்மறை காட்டும்.

கையில் இரண்டு நொதியம் இருக்கிறது. நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

இரண்டையும் ஒரே நிரலில் ஓட்டுவது நியாயம் போலத் தெரியும், ஆனால் அது ஒன்றுக்குச் சாதகமாகப் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் அதன் பஃபர், அதன் மக்னீசியம், அதன் நிரல் கொடுங்கள். பிரைமரும் மூல டிஎன்ஏயும் ஒன்றாக இருக்கட்டும். டிஎன்ஏயைப் பத்துப் பத்து மடங்காக ஐதாக்கி, எந்தப் படிவரை பட்டை வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு படியிலும் மூன்று டியூப். வெற்று டியூபும் மூன்று, ஒன்று போதாது, ஏனென்றால் மிகக் குறைந்த அழுக்கு மூன்றில் ஒன்றில்தான் தலைகாட்டும். ஜெல்லில் எது பிரகாசம் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். எந்த நொதியத்தின் வெற்று டியூப் சுத்தம், எது ஐதான படியிலும் மூன்றுக்கு மூன்று தருகிறது என்பதே கேள்வி. உங்கள் சொந்த மாதிரியிலும், அதாவது அந்தச் சேற்று டிஎன்ஏயிலேயே, ஒரு வரிசை ஓட்டுங்கள். கம்பனி கையேட்டில் இருக்கும் அழகான படம் சுத்தமான டிஎன்ஏயில் எடுத்தது.

மாஸ்டர் மிக்ஸா, தனித்தனியாகவா?

புதியவருக்கு மாஸ்டர் மிக்ஸ். மக்னீசியத்தையோ சேர்மானங்களையோ மாற்றிப் பார்க்க வேண்டியவருக்குத் தனித்தனி.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது, ஐஸ் கரைந்துவிட்டது. மின்வெட்டில் பிரீசரும் நின்றது. நொதியத்தை எறியட்டுமா?

எறியவேண்டாம். நொதியம் பாதிக்குப் பாதி கிளிசரோலில் இருப்பதால் கழித்தல் 20 பாகையிலும் உறையாது, டாக் இயல்பிலேயே முரடு. ஓர் இரவு சூட்டில் அது சாவது அரிது. முதலில் கெடுவது பெரும்பாலும் உறைந்து உருகி உறைந்து உருகும் டிஎன்டிபியும் (டிஎன்ஏ எழுத்துகளின் மூலப்பொருள்) ஐதான பிரைமர்களும்தான், அவற்றைச் சிறு சிறு டியூபாகப் பிரித்து வையுங்கள். எதிருடல் ஹாட் ஸ்டார்ட்டும் திருத்தும் நொதியங்களும் டாக் அளவுக்கு முரடல்ல, அவற்றைச் சோதித்துவிட்டே நம்புங்கள். சோதனை எளிது: முன்பு வந்த டிஎன்ஏயை ஐதாக்கி ஓட்டி, முன்பு வந்த படிவரை இப்போதும் வருகிறதா என்று பார்ப்பது. அதற்காகவே ஒரு நல்ல டிஎன்ஏயை எப்போதும் ஒதுக்கி வையுங்கள்.

2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்திலும் திறக்காத பிரீசர் நன்றாகவே தாக்குப்பிடித்திருக்கும், திறந்து திறந்து "இன்னும் குளிர் இருக்குதா" என்று பார்க்கும் பிரீசர்தான் சீக்கிரம் சூடாகும். உள்ளே உறைந்த ஜெல் பொதிகளை நிரப்பி, நொதியங்களை அவற்றின் நடுவே வையுங்கள். தானாகப் பனி உருக்கும் வீட்டுப் பிரீசர் வேண்டாம். மின்சாரம் இருக்கும்போதே அது தினமும் தன் உள்ளிருப்பைச் சூடாக்கிக் குளிர்விக்கிறது.